குளிரறையின் பெருமூச்சு

உலகத்தின் தென்கோடியிலிருக்கும் புந்தா அரேனாஸில் குளிர்பெட்டி பழுதானால் ஒலேகாரியோ பரீயாவைத்தான் கூப்பிடுவார்கள். முப்பத்தொரு வருஷமாக அதுதான் பிழைப்பு. இந்த ஊரில் ஜன்னலைத் திறந்து வைத்தாலே இறைச்சி உறைந்துவிடும், உங்களுக்கு எதற்குக் கூலி என்று தங்கை புருஷன் ரெமீஹியோ கேலி செய்வான். ஒலேகாரியோ சிரிப்பதோடு சரி. பேச்சு குறைவான மனிதர்.

அந்தத் தொழிலில் ஒரு வழக்கம் இருந்தது. பழைய மெஷினைப் பிரிக்குமுன் உள்ளே இருக்கும் வாயு வெளியேற வேண்டும். வால்வைத் திறந்தால் 'உஸ்ஸ்' என்று நீளமாக ஒரு சத்தம். மெஷின் பெருமூச்சு விடுகிறது என்பார்கள். அது அடங்கும்வரை செய்ய வேறு வேலை இல்லை. அதனால் அந்த நேரத்தில் மாத்தே என்கிற மூலிகைத் தேநீர் ஒரு சுற்று வரும். இடது கையில் சூடான சுரைக்குடுவையை வாங்கிக் குழலில் உறிஞ்சிக்கொண்டே வலது கையால் வால்வைத் திருப்புவார்கள். வாயுவுக்கு நிறமில்லை, வாசனையில்லை. ஜலசந்தியிலிருந்து வரும் காற்று தொப்பிகளையும் துவைத்த துணிகளையும் இழுத்துப்போவதுபோல அதையும் இழுத்துப்போய்விடும்.

போன குளிர்காலத்தில் மெக்கானிக்குகளுக்கெல்லாம் இரண்டு நாள் பயிற்சி வைத்தார்கள். பாடம் எடுத்த பெண் கரும்பலகையில் ஒரு கோடு கிழித்தாள். நீங்கள் திறந்துவிடும் வாயு உச்சிக்குப் போய்ச் சேர ஐந்தாறு வருஷம் ஆகும், போனது நூறு வருஷம் அங்கேயே கிடக்கும், ஒவ்வொரு வசந்தத்திலும் சூரியன் திரும்பும்போது நம் தலைக்கு மேலிருக்கும் ஓசோனைத் தின்னும் என்றாள். பின்வரிசையில் இரண்டு பேர் தூங்கினார்கள். ஒலேகாரியோ ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. ஆனால் அன்றிலிருந்து அவருக்குள் வேறொரு காலண்டர் ஓட ஆரம்பித்தது. தங்கை கல்யாணத்துக்காக மண்டபத்துக் குளிர்பெட்டியைப் பிரித்தாரே, அந்த மூச்சு மேலே போய்ச் சேர்ந்தபோது தங்கையின் மகளுக்குப் பால்பல் விழுந்துகொண்டிருந்தது. தெருவில் நடக்கையில் அண்ணாந்து பார்ப்பார். நிறமில்லாத செம்மறியாட்டு மந்தை ஒன்று நீலப் புல்வெளியில் அவசரமில்லாமல் மேய்ந்துகொண்டிருப்பதுபோலத் தோன்றும். ஒவ்வோர் ஆட்டையும் அவிழ்த்துவிட்டது தன் கைதான் என்று தோன்றும்.

அங்கே வசந்தம் தொடங்கும் அக்டோபரில் ஒரு செவ்வாய்க்கிழமை, துறைமுகத்து நண்டுக் கொட்டகையிலிருந்து ஆள் வந்தது. குளிரறையின் கம்ப்ரஸர் நின்றுவிட்டது. பயிற்சி கொடுத்தவர்கள் இரவலாகத் தந்திருந்த வாயுவை உறிஞ்சிச் சேமிக்கும் பம்பையும் காலி சிலிண்டரையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார். வழியில், வெயிலின் கடுமையைக் காட்டும் சதுக்கத்து விளக்கு சிவப்பில் நின்றது. சிவப்பென்றால் வெயிலில் அதிக நேரம் முகத்தைக் காட்டாதே என்று அர்த்தம்.

கொட்டகை வாசலில் ரெமீஹியோ நின்றிருந்தான். ஒன்பது நாள் கடலில் கிடந்து அறுநூறு முள்நண்டுகளோடு காலையில்தான் கரைக்கு வந்திருந்தான். உதடுகள் வெடித்திருந்தன. நண்டுகள் படகின் அடித்தொட்டியில் உயிரோடு இருந்தன. படகு நகர்ந்தால்தான் அந்தத் தொட்டியின் ஓட்டைகள் வழியே புதுத் தண்ணீர் புகும். கட்டிப்போட்ட படகில் நண்டுகள் மூச்சுமுட்டிச் சாகும். செத்த நண்டை யாரும் வேகவைக்கும் கொப்பரையில் போடமாட்டார்கள். வெந்ததை வைக்கக் குளிரறை ஓடாமல் கொப்பரைக்கு அடியில் நெருப்பு மூட்டவும் மாட்டார்கள்.

புதுக் கம்ப்ரஸர் தயாராகத் தரையில் இருந்தது. பழையதில் இருக்கும் வாயு வெளியேறினால் மாட்டிவிடலாம்.

"திறந்து விடுங்க மச்சான். பத்து நிமிஷ வேலை" என்றான் ரெமீஹியோ.

"பம்புல எடுக்கணும். ஆறு மணி நேரம் ஆகும் மாப்பிள்ளை."

"ஆறு மணி நேரமா? அதுக்குள்ள பாதி நண்டு செத்துரும்."

"தெரியும்."

"முப்பது வருஷமா விட்டீங்களே. அப்பல்லாம் வானத்துக்கு வலிக்கலையா?"

குளிர்காலம் முழுக்க ஒலேகாரியோ தன்னைக் கேட்டுக்கொண்டிருந்த கேள்விதான் அது. குனிந்து பம்பின் குழாயை எடுத்தார். அதை மாட்டுவதற்குள் கொட்டகையின் மேஸ்திரி எடெல்மீரா, சண்டையைத் தணிக்கிற எண்ணத்தில், மாத்தே குடுவையை நீட்டினாள்.

இடது கை வாங்கியது. வலது கை வால்வைத் திருப்பியது.

உஸ்ஸ் என்று அந்த நீண்ட சத்தம் எழுந்தது. யாருக்கும் ஆச்சரியமில்லை. ரெமீஹியோ லேசாகச் சிரிக்கக்கூடச் செய்தான். ஒலேகாரியோ இரண்டு வாய் உறிஞ்சி, மூன்றாவதற்கு உதட்டைக் குவித்தபோதுதான் தன் கை செய்த காரியம் அவருக்கு உறைத்தது. வால்வை இறுக்கி மூடினார். அந்த இரண்டு வாய் நேரத்து வாயு கூரையிடுக்கு வழியே கிளம்பிவிட்டது. தங்கை மகளுக்குப் பதினாறு வயது ஆகும்போது போய்ச் சேரும்.

குடுவையை எடெல்மீராவிடமே திருப்பிக் கொடுத்தார். "இன்னிக்கு எனக்கு வேணாம்மா. கை சொல்பேச்சு கேக்க மாட்டேங்குது."

அவர் குழாயை மாட்டிப் பம்பை ஓடவிட்டதும்தான் ரெமீஹியோவுக்கு விஷயம் புரிந்தது. காறித் துப்பிவிட்டுப் படகுத்துறைக்குப் போனான். கொஞ்ச நேரத்தில் எஞ்சின் சத்தம் கேட்டது. நண்டுகளுக்குத் தண்ணீர் ஓடவேண்டும் என்றால் படகு ஓடவேண்டும். அவ்வளவுதான் வழி.

திறந்திருந்த கதவு வழியே ஒலேகாரியோவுக்கு அந்தச் சிவப்புப் படகு தெரிந்தது. பழைய கலங்கரை விளக்கம்வரை போகும், திரும்பும், மரத்துறைவரை வரும், திரும்பும். எங்கும் போகாத பயணம். போன மாதத்துப் புயல் படகின் கூரையைப் பிய்த்துப்போயிருந்ததால் ரெமீஹியோ திறந்தவெளியில் சுக்கான் பிடித்து நின்றான். தலையில் கம்பளிக் குல்லாய் மட்டும். முகம் முழுக்க வெயில்.

பம்பு ஒரே சுருதியில் முனகியது. அழுத்தமானியின் முள் மயிரிழை மயிரிழையாக இறங்கியது. மதியம் ஒரு மணிக்கு வெயில், சத்தமே இல்லாமல் கொதிக்கும் பால்போல, ஜலசந்தியின் மேல் வெள்ளையாக நின்றது. கண்ணயர்ந்த ஒரு கணத்தில் அந்த ஆட்டு மந்தை படகின் பின்னாலேயே போவதைப் பார்த்தார். கலங்கரை விளக்கத்தருகே படகு திரும்ப, மந்தையும் திரும்பியது. விழித்தபோது படகு மட்டும்தான் இருந்தது.

இப்போது திறந்துவிட்டால் ஐந்து நிமிஷம். சட்டையைக் கழற்றி ஆட்டினால் ரெமீஹியோ கரைக்கு வந்துவிடுவான், நிழலுக்கு வந்துவிடுவான். அந்த முகத்தின் மேல் இன்று விழும் வெயிலுக்கு வழிவிட்டது தான் எப்போதோ விட்ட மூச்சு. இன்று விடுவதும் அதே முகத்தைத் தேடி வரும், அது கிழடாகிச் சுருங்கிய பிறகும். எது பாவம் என்று அவருக்கு முடிவு செய்யத் தெரியவில்லை. கை மட்டும் வால்வுப் பக்கம் நகர்ந்துவிட்டிருந்தது. அவர் அந்த வலது கையைத் தொடைக்கு அடியில் கொடுத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டார்.

எடெல்மீரா எட்டிப் பார்த்தாள். "என்ன மாஸ்டர், கை குளிருதா?"

"ஆமா" என்றார்.

கை மரத்துப்போகும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தார். படகு பதினேழு தடவை திரும்பியது. நாலே காலுக்கு முள் பூஜ்யத்தைத் தொட்டது. ஐந்தரைக்குப் புதுக் கம்ப்ரஸர் உறுமியது. எடெல்மீரா துறையின் நுனிவரை ஓடி ஏப்ரனை அவிழ்த்து ஆட்டினாள்.

அறுநூறில் நாற்பத்தெட்டு செத்திருந்தன. ரெமீஹியோ ஏறி வந்தபோது கொப்பரை அருகே நின்ற பெண்கள், இதோ ஒன்று வெந்தே வந்துவிட்டது என்று சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை. உதடு வீங்கிப்போய்ச் சிரிக்கவும் முடியாது. ஒலேகாரியோ கிட்டப் போனார். தன் தொப்பியைக் கழற்றி நீட்டினார். ரெமீஹியோ அதை வாங்காமல் நடந்துவிட்டான்.

பன்னிரண்டு நாள் பேச்சு இல்லை. தங்கை மட்டும் தகவல் சொல்வாள், இன்றைக்கு வீக்கம் வடிந்தது, இன்றைக்கு நெற்றி உரிகிறது என்று. மாப்பிள்ளை என்னைத் திட்டுகிறாரா என்று கேட்டதற்கு, ராத்திரி தூக்கத்தில்கூட என்றாள்.

பதின்மூன்றாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. காலையில் ஒலேகாரியோவின் கடைக் கதவு காலால் உதைபட்டது. ரெமீஹியோ, முகமெல்லாம் திட்டுத் திட்டாகப் புதுத்தோல், தோளில் படகுச் சமையல்கட்டின் துருப்பிடித்த சின்னக் குளிர்பெட்டி. அதை மேஜைமேல் இறக்கி மூச்சு வாங்கினான்.

"இதுலயும் அந்தச் சனியன்தான் இருக்கா?"

"இருக்கு மாப்பிள்ளை."

"எவ்வளவு நேரம் ஆகும்?"

"சின்னதுதானே. அரை மணி."

ரெமீஹியோ நாற்காலியை நிழல் பக்கமாக இழுத்துப்போட்டு உட்கார்ந்தான். "சரி, எடுங்க. அரை மணியா இருந்தாலும் சரி, இன்னிக்கு நான் உள்ளதான் உக்காந்திருப்பேன்."