துண்டு போட்டுப் பிடித்த வான்கோழிக் காடு

அமெரிக்காவில் ஒருவர் வான்கோழி சுட வேண்டுமென்றால் திருவனந்தபுரத்தில் ஒருவன் விடியுமுன் எழுந்து பல் தேய்த்தாக வேண்டும். எங்கள் தொழில் இவ்வளவுதான்.

அங்கே ஒருவருக்குத் தன் சொந்த மாநிலத்துக் காடு தெரியும், அடுத்த மாநிலத்துக் காடு தெரியாது. ஆனால் அங்கே போய்ச் சுடத்தான் ஆசை. சட்டமோ மாநிலத்துக்கு மாநிலம் வேறு. ஓரிடத்தில் மத்தியானத்தோடு துப்பாக்கியைக் கீழே வைத்துவிட வேண்டும், இன்னோரிடத்தில் ஞாயிற்றுக்கிழமை தொடவே கூடாது. மரத்தில் ஊதா பெயிண்ட் அடித்திருந்தால் அது தனியார் நிலம், கால் வைத்தால் வழக்கு. அரசாங்கக் காட்டில் யாரும் நுழையலாம். ஆனால் காரை எங்கே நிறுத்துவது, எந்த மேட்டில் உட்காருவது, பறவை எந்த மரத்தில் தூங்கி எந்தப் பக்கம் இறங்கும்? இதையெல்லாம் சாட்டிலைட் படத்தில் பார்த்துத் திட்டம் போட்டு அனுப்புவது திருவனந்தபுரத்து ஐ.டி. பேட்டையான கழக்கூட்டத்தில் உள்ள எங்கள் ஆபீஸ். அவர்கள் சாப்பிட்டுவிட்டு ஓய்வாகப் பேசும் சாயங்காலம் நமக்குக் காலை ஐந்தரை மணி.

பார்க்காத ஊரின் வரிக்கணக்கையும் முகம் தெரியாதவரின் கிரெடிட் கார்டு புகாரையும் கட்டிக்கொண்டு மாரடிக்கும் சக பாவிகளே, உங்களுக்கு என் கஷ்டம் புரியும். நான் வலியசாலை அக்ரஹாரத்துக்காரன். எங்கள் வீட்டுக்குள் முட்டை போட்ட கேக் வந்தது கிடையாது.

மூன்று தலைமுறை வேட்டைக்காரன்

சாலைக் கடைத்தெருவில் நான் கணக்கு எழுதிய மொத்த வியாபாரக் கடையை மூடிவிட்டார்கள். நாற்பத்தாறு வயதில் எவன் வேலை தருவான்? இந்த ஆபீஸில் பிஜு என்ற டீம் லீடர்தான் நேர்முகம் செய்தான். நெய்யாற்றின்கரைக்காரன், தமிழும் மலையாளமும் ஒரே கரண்டியில் பரிமாறுவான். "வேட்டை அனுபவம் உண்டோ?" என்று கேட்டான். எனக்கு எரிச்சல். "எங்காத்துல கொசுவைக்கூட விரட்டத்தான் செய்வோம். வேட்டைன்னா வருஷத்துக்கு ரெண்டு தடவை கோட்டைக்குள்ள பத்மநாபசாமி வேட்டைக்குப் போவேன். தாத்தா காலத்துலேர்ந்து போறோம்" என்றேன்.

வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். பங்குனியிலும் ஐப்பசியிலும் உற்சவத்தின் கடைசியில் சாமி வேட்டைக்குப் புறப்படுவார். அரச குடும்பத்து மூத்தவர் வில்லோடு கூட வருவார். மேளம் கிடையாது, பேச்சு கிடையாது. அரண்மனை முன்னால் ஓர் இளநீர் வைத்திருக்கும். அதன்மேல் அம்பு விடுவார், வேட்டை முடிந்தது. இளநீர் ஓடாது, பறக்காது, மறைந்து நிற்காது. என் வேட்டை அனுபவம் மொத்தமும் இதுதான்.

வேலை கிடைத்தது. அடுத்த வாரம் கம்பெனி வலைத்தளத்தில் என் படத்தின் கீழே, "அரச வேட்டையில் மூன்று தலைமுறையாகப் பங்கேற்கும் குடும்பம்" என்று போட்டிருந்தது. நான் பிஜுவிடம் ஓடினேன். அவன் நிதானமாகச் சொன்னான்: "சாமி, இதுல எது கள்ளம்? ராஜா உண்டு, வில்லு உண்டு, அம்பு உண்டு. இளநீர்க் காரியம் மட்டும் எழுதலை, அத்ரே உள்ளு, அவ்வளவுதான்."

எல்லா ரோடும்

முதலாளி பெயர் கிரெக். மாநிலம் மாநிலமாகக் காட்டுக்குள் உட்கார்ந்தும் ஒரு நல்ல பறவை கிடைக்காத வெறுப்பில் இந்தக் கம்பெனியை ஆரம்பித்தவர். எனக்குக் கிடைக்காதது உனக்குக் கிடைக்கும் என்று விற்பதற்கும் ஒரு தைரியம் வேண்டும். நான் சேர்ந்த கொஞ்ச நாளில் வீடியோவில் வந்து ஒரு குண்டைப் போட்டார். இதே திட்டங்களை ஒரு கம்ப்யூட்டர் நிரல் கண்மூடித் திறப்பதற்குள் போடுகிறதாம். இந்த வசந்தகாலம் புகார் இல்லாமல் போனால் திருவனந்தபுரம் ஆபீஸ் இருக்கும், இல்லையென்றால் கம்ப்யூட்டருக்குச் சாவியைக் கொடுத்துவிடுவார். அக்டோபரில் நேரில் வந்து முடிவு சொல்வாராம். அன்றிலிருந்து போன் மணி அடித்தாலே புகாரோ என்று பயந்துகொண்டுதான் எடுப்பேன்.

ஒரு மாநிலத்தில் வேட்டை உரிமத்துக்கு வாடிக்கையாளர்கள் சார்பில் விண்ணப்பம் போடக் கடைசி நாள் ஆற்றுகால் பொங்காலையன்று வந்து தொலைத்தது. அன்றைக்கு இந்த நகரத்தில் ரோடு என்று எதுவும் கிடையாது, செங்கலும் பானையும் புகையும்தான். பிஜு நெய்யாற்றின்கரையைத் தாண்டவில்லை. நான் வீட்டிலிருந்தே, கண்ணில் தண்ணீர் வழிய, விண்ணப்பங்களை அனுப்பினேன். வீடியோவில் என் அழுத முகத்தைப் பார்த்துக் கிரெக் பதறிப்போய் யார் செத்துப்போனார்கள் என்றார். யாரும் சாகவில்லை, பெண்கள் ரோட்டில் அடுப்பு வைத்திருக்கிறார்கள் என்றேன். எந்த ரோட்டில் என்றார். எல்லா ரோட்டிலும் என்றேன். அதற்கு அவர் சொன்னது: "கம்ப்யூட்டருக்கு ரோடு தேவைப்படாது."

கொக்கரிக்கும் டூரிஸ்ட்

இந்த இடத்தில் வெய்ன் அறிமுகமாக வேண்டும். ஓஹையோவில் ரிட்டயரான பிளம்பர். தங்கமான மனிதர், அதுதான் ஆபத்து. மற்ற வாடிக்கையாளர்கள் திட்டத்தை வாங்கி வைத்துக்கொண்டு தங்களுக்குத் தோன்றியதைச் செய்வார்கள். வெய்ன் நாம் எழுதியதை எழுதியபடியே செய்வார். இப்படிப்பட்டவரை வைத்துக்கொண்டு எவனுக்கு நிம்மதி?

வசந்தகாலத்தில் சேவலைத்தான் சுடலாம். அதை வரவழைக்கப் பெட்டைபோலக் குரல் கொடுக்க வேண்டும். பஸ் ஓடாத ஒரு ஹர்த்தால் நாளில் நான் வீட்டிலிருந்து வேலை பார்த்தபோது, தன் குரல் சரியாக இருக்கிறதா என்று கேட்டு வெய்ன் போனில் கொக்கரிக்க ஆரம்பித்தார். ஸ்பீக்கரை அணைக்க எனக்கு வரவில்லை. பட்டனைத் தேடித் தேடி அமுக்கியதில் சத்தம் கூடியது. சந்தியாவந்தனம் நடக்கிற நேரத்தில் அக்ரஹாரம் முழுக்க ஒரு பெட்டை வான்கோழி காதலனைக் கூப்பிட்டது. எதிர்வீட்டுக் கதவு திறந்தது. நான் டூரிஸம் வேலை பார்ப்பதாகத்தான் வீட்டில் சொல்லியிருந்தேன். என் மனைவி கோமதி காபி டம்ளரோடு வாசற்படியில் நின்று முழுவதையும் கேட்டாள். "டூரிஸம்னேள். இது என்ன டூரிஸ்ட்டாக்கும்? முட்டை போடப் போறவன் மாதிரின்னா கத்தறான்?"

ராஜா சுடும் நேரம்

சூரியன் உதிப்பதற்கு அரைமணி முன்னாலிருந்து சுடலாம் என்பது பல மாநிலங்களில் சட்டம். உதய நேரம் பார்ப்பதில் எனக்கு என்ன தடுமாற்றம்? பஞ்சாங்கத்தோடு வளர்ந்தவன். வெய்னின் திட்டத்தில் உதய நேரத்தைக் கன கச்சிதமாகக் கணக்கிட்டுப் போட்டேன். அந்த ஊர்க்காரர்கள் கோடைக்காகக் கடிகாரத்தையே ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைத்துக்கொள்வார்கள் என்பது யாருக்கு ஞாபகம் வரும்? நம் ஊரில் சூரியன் சொல்வதைக் கடிகாரம் கேட்கும். அங்கே தலைகீழ்.

பாவம், வெய்ன் நான் போட்ட நேரத்துக்குத் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு கும்மிருட்டில் உட்கார்ந்திருக்கிறார். மேலே மரத்தில் பறவை தூக்கத்தில் முனகுகிறது, இவருக்குத் தன் கையே தெரியவில்லை. கண் தெரிந்து சுட்டிருந்தால் நேராக அபராதம்தான். இருட்டு எங்கள் ஆபீஸைக் காப்பாற்றியது. மறுநாள் போனில், கோபமே இல்லாமல், வலைத்தளத்தில் படித்த ஞாபகத்தில், உங்கள் ஊர் ராஜா இப்படி இருட்டிலா சுடுவார் என்று கேட்டார். சாமி வேட்டை இருட்டிய பிறகுதான் நடக்கும். ஆமாம், ஒரு தடவைகூடக் குறி தவறியதில்லை என்றேன், உண்மையைத்தானே சொன்னேன். வெய்ன் பெருமூச்சு விட்டார். "தவறியதே இல்லையா? அப்படியானால் அவர் என்னைவிட எவ்வளவோ பெரிய ஆள்."

துண்டு

அரசாங்கக் காட்டில் முதலில் வந்தவருக்குத்தான் இடம். வெய்னுக்கு நான் பார்த்து வைத்த மேட்டில் ஒரு பெரிய ஓக் மரம் இருந்தது. முதுகைச் சாய்க்க வசதி, முன்னால் புல்வெளி, பக்கத்தில் ஓடை. அதிகாலையில் வேறு யாராவது வந்து உட்கார்ந்துவிட்டால் என்ன செய்வது என்று கவலைப்பட்டார். இதற்கெல்லாமா கவலை? கிழக்கேகோட்டையில் நாகர்கோவில் பஸ் வந்து நிற்பதற்குள் ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு சீட்டுப் பிடித்தவன் நான். துண்டு கிடக்கிற சீட்டில் உட்காருகிறவன் மனிதனா? திட்டத்தின் கடைசியில் என் கையாலேயே சேர்த்தேன்: முந்தின நாள் போய் மரத்தடியில் ஒரு துண்டு போட்டுவிட்டு வரவும்.

நான் அறியாதது ஒன்று உண்டு. அந்தப் பருவத்தில் ஆண் வான்கோழியின் தலை சிவப்பும் வெள்ளையும் நீலமுமாக இருக்கும். அதனால் வேட்டைக்காரர்கள் அந்த நிறங்களில் கைக்குட்டைகூட வைத்துக்கொள்வதில்லை. இது வெய்னுக்கும் தெரியும். ஆனால் திட்டத்தில் நிறம் எழுதவில்லையே! வீட்டில் குளியலறையிலிருந்து சிவப்பும் வெள்ளையும் போட்ட துண்டை எடுத்துக்கொண்டு போய் மரத்தடியில் போட்டுவிட்டு வந்துவிட்டார். பிஜு அதே மரத்தை இன்னொரு வாடிக்கையாளருக்கும் எழுதிக் கொடுத்திருந்தான். அந்த ஆள் விடியலுக்கு முன்பே வந்து, புதருக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்து, காற்றில் ஆடிய துண்டைச் சேவலின் தலை என்று நினைத்துச் சுட்டுத் தள்ளினார். எங்கள் ஆபீஸ் திட்டத்தில் அந்த வசந்தகாலம் முழுக்கக் குறி தவறாமல் விழுந்த ஒரே இரை அதுதான்.

துண்டு போட்ட தைரியத்தில் வெய்ன் இன்னும் வந்து சேராதது தெய்வாதீனம். அதை நினைத்து இரண்டு நாள் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஒரு வரி எழுதும் முன் அந்த ஊரைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்ற புத்தி அன்றைக்குத்தான் வந்தது. சுட்டவர் கிரெக்குக்குப் புகார் எழுதினார். அதுதான் அந்தப் புகார், நான் பயந்து பயந்து எதிர்பார்த்தது. வெய்ன் புகார் எழுதவில்லை, படம் அனுப்பினார். சல்லடையாகிப்போன துண்டு, கீழே ஒரு வரி: "நீங்கள் சொன்னபடி இடம் எனக்குத்தான் கிடைத்தது."

ஐப்பசி வேட்டை

கிரெக் வந்தார். ஐப்பசி மழை கொட்டுகிறது. ஆபீஸ் மேஜையில் பையைத் திறந்து அந்தத் துண்டை எடுத்துப் போட்டார், வெய்னிடம் கேட்டு வாங்கி வந்திருக்கிறார். இது யாருடைய யோசனை என்றார். பிஜு கூரையைப் பார்த்தான். என்னுடையது என்றேன். சரி, முடிவை நாளைக்குச் சொல்கிறேன், முதலில் உங்கள் குடும்பத்து அரச வேட்டையைக் காட்டு என்றார். எனக்கு ஆவி பிரிந்தது. பிஜு மட்டும் காதோரம், "சாமி, மழையில ஆளுக்கு ஒண்ணும் காணாது, பேடிக்கேண்டா, பயப்படாதீங்க" என்றான்.

அன்று மாலை மழை விட்டுவிட்டது. நல்ல இடம் வேண்டுமே என்று மத்தியானமே போய் அரண்மனைக்கு எதிரே ஒரு மதில் திண்டில் என் தோர்த்துத் துண்டை விரித்துவிட்டு வந்திருந்தேன். நாங்கள் போகும்போது கோட்டைக்குள் நிற்க இடமில்லை. மதிலை ஒட்டி ஜனம் நெருக்கியடிக்கிறது, என் தோர்த்து மட்டும் விரித்தது விரித்தபடி கிடக்கிறது. கிரெக் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். உட்கார்ந்தோம்.

ஊர்வலம் வந்தது. அவ்வளவு ஜனத்தில் ஒரு குழந்தைகூட வாய் திறக்கவில்லை. நடக்கிறவர்களின் காலடியும் பந்தத்தில் எண்ணெய் எரிகிற சத்தமும்தான் கேட்டது. வருஷா வருஷம் பார்க்கிறேன், அந்த இடத்தில் என் கை எப்போதும் தானாகக் குவியும். அம்பு போய் இளநீரில் பாய்ந்தது. சங்கு முழங்கியது, மேளம் பிடித்துக்கொண்டது. என் வேலை போயிற்று என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

கிரெக் என் தோளைத் தட்டிக் கேட்டார், அது தேங்காயா? இளநீர் என்றேன். எத்தனை காலமாக? எங்களுக்கு நினைவு தெரிந்த காலத்துக்கு முன்பிருந்தே. யாரும் புகார் செய்ததில்லையா? இல்லை என்றேன். அவர் தோர்த்தை எடுத்து மடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். "பொது இடம். ஒருவரும் பேசவில்லை, முந்தவில்லை, துண்டைச் சுடவில்லை. அடிபட்டதற்கும் வலி இல்லை. இதை எந்தக் கம்ப்யூட்டர் யோசித்திருக்கும்? துண்டுதான் நாம் விற்க வேண்டிய சரக்கு."

ஆரஞ்சு நிறத்தில்

அவர் விளையாட்டுக்குச் சொன்னார் என்று நினைத்தேன். மனிதர் ஊருக்குப் போன மறுவாரமே ஆர்டர் வந்துவிட்டது. இப்போது எங்கள் ஒவ்வொரு திட்டத்தோடும் கம்பெனி முத்திரை குத்திய "அரச வேட்டைத் துண்டு" ஒன்று போகிறது. ஆரஞ்சு நிறம், வான்கோழித் தலையில் இல்லாத நிறம். சாலைக் கடைத்தெருவில் மொத்தமாக எடுக்கிறோம். சாயம் போகுமா என்று தேய்த்துப் பார்ப்பது என் பொறுப்பு. ஒரு மரத்தை ஒருவருக்குமேல் எழுதக் கூடாது என்று பிஜுவுக்குக் கண்டிப்பான உத்தரவு. ஆபீஸ் தப்பியது, அந்த நிரல் இப்போது துண்டு பார்சல்களுக்கு முகவரி அச்சடிக்கிறது.

வெய்ன் இரண்டு துண்டு வாங்கினார். அடுத்த வசந்தகாலத்தில் மரத்தடியில் போட்டார், ஒருவரும் சுடவில்லை. விடியும்வரை தனியாக, ராஜாவைப்போல உட்கார்ந்திருந்தாராம். பறவை வரவில்லை. அன்று சாயங்காலம், அதாவது எங்கள் விடியற்காலையில், போன் செய்தார். புகார்தான் என்று நினைத்துக்கொண்டு எடுத்தேன். "துண்டு அருமையாக வேலை செய்தது. கிரெக் எனக்கு எல்லாம் சொன்னார். அந்த இளநீரை எப்போது அனுப்பப் போகிறீர்கள்?"

ஒரு பறவையையும் வீழ்த்தாத இந்த வேட்டைத் தொழிலின் தயவில், பத்மநாபன் புண்ணியத்தில், என் வீட்டு அடுப்பு இன்றைக்கும் எரிகிறது, அதில் வேகிறது கத்திரிக்காய்தான்.