தெருவுக்கே கேட்ட பதில்

எங்கள் வீட்டில் தறி கூடத்திலேயே இருக்கிறது. ஒரு பாவு நெய்து முடிந்ததும் புதுப் பாவின் இழைகளைப் பழைய பாவின் நுனிகளோடு ஒவ்வொன்றாகச் சேர்த்து முறுக்க வேண்டும். பிணைப்பது என்போம். அதற்கென்றே வீடு வீடாகப் போகிறவர்கள் ஆரணியில் உண்டு. எங்களுக்குப் பிணைக்க வருகிற அக்கா, இழை வழுக்காமல் இருக்கப் பக்கத்தில் கொஞ்சம் சாம்பல் வைத்துக்கொண்டு, விரலால் தொட்டுத் தொட்டு அத்தனை இழைகளையும் முறுக்கிவிடுவார்.

கொரோனா இரண்டாம் முறை பரவிய கோடையில், அவர் பிணைத்துவிட்டுப் போன மறுநாள் எனக்குக் காய்ச்சல் வந்தது. பரிசோதனையில் தொற்று என்றார்கள். சுகாதாரத் துறைப் பெண் ஒருவர் தெருவில் நின்றபடி, "வூட்டுக்குள்ள யார் யார் வந்தாங்க?" என்று கேட்டார். நான் அக்காவைச் சொன்னேன். அவருக்குத் தொற்றியிருந்தால் தெரிய வேண்டுமே. ஆனால் எனக்கு எப்போதும் குரல் எழும்பாது. "சத்தமா சொல்லுங்கண்ணா" என்றார் அந்தப் பெண். சத்தமாகச் சொன்னேன். தெருவுக்கே கேட்டது.

மாலைக்குள் எங்கள் வாசலில் தகரம் அடித்தார்கள். பக்கத்துத் தெருவில் அக்கா வீட்டு வாசலிலும் அடித்தார்கள். அவருக்குத் தொற்று இல்லை என்று பிறகு முடிவு வந்தது. தகரத்தையும் எடுத்துவிட்டார்கள். ஆனாலும் யாரும் அவரை வேலைக்குக் கூப்பிடவில்லை.

எதிர்வீட்டுக்காரர், அவரும் தறி வைத்திருப்பவர், என் ஜன்னலைப் பார்த்துச் சொன்னார்: "ஒவ்வொரு இழையா கையால தொட்டு முறுக்கற வேல. எந்த தைரியத்துல கூப்புடறது, சொல்லு?"

நோய் வந்தது எனக்குத்தானே, அக்காவுக்கு இல்லையே என்று சொல்லியிருக்கலாம். இருமல் வந்தவன் போலத் திரும்பிக்கொண்டேன்.

காய்ச்சல் விட்டதும் தறியில் உட்கார்ந்தேன். வீட்டுக்குள் அடைபட்டிருந்தாலும் எனக்கு வேலை இருந்தது. அக்கா பிணைத்துக் கொடுத்த பாவில்தான் நெய்தேன். அவருக்கோ அடுத்தவர் வீட்டுக்குள் போனால்தான் வேலை. கொஞ்ச நேரம் மிதித்தாலே எனக்கு மூச்சு வாங்கியது. இருந்தும் வேகமாக நெய்தேன். இந்தப் பாவு முடிந்தால்தான் அவரைக் கூப்பிட முடியும்.

"உடம்ப கெடுத்துகினு இன்னா அவசரம்? ஜல்தியா நெய்ஞ்சா மெடலு குத்துவாங்களா?" என்று மனைவி சமையலறையிலிருந்து கத்தினாள்.

பாவு முடிந்த அன்றே போய்க் கூப்பிட்டேன். அக்கா இளைத்துப் போயிருந்தார். எங்கள் வீடு வரை வந்தவர் வாசற்படியிலேயே நின்றுவிட்டார்.

"தம்பி, நல்லா யோசிச்சிக்கினியா? நாளைக்கி எவனாவது கேட்டா திரும்பவும் கத்தணும்" என்று சிரித்தார்.

"தப்பா நெனச்சிக்காதீங்கக்கா" என்றேன்.

"இன்னா சொன்னே?" என்றார். அவர் காதில் விழவில்லை. இன்னொரு முறை சொல்ல எனக்கு வரவில்லை.

பிணைக்கும்போது காற்று பட்டால் இழை கலையும் என்று தெருக்கதவைச் சாத்தி வைப்பது வழக்கம். அன்று அகலத் திறந்து வைத்தேன். வருகிறவர் போகிறவர் எல்லாம் அவர் எங்கள் வீட்டில் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கட்டும் என்று நினைத்தேன். காற்றில் சாம்பல் பறந்தது.

"பேஜாரா கீதே, கதவ சாத்துப்பா" என்றார் அக்கா.

"இருக்கட்டும்க்கா" என்றேன், என்னால் முடிந்த அளவு சத்தமாக.

எதிர்வீட்டுக்காரர் தன் வாசலுக்கு வந்து பார்த்தார். அவர் தறியிலும் பாவு முடிகிற நேரம். அக்காவை வேலைக்குக் கேட்காமலே உள்ளே போய்விட்டார். அக்கா தலை நிமிராமல் சாம்பலைத் தன் முந்தானையால் மறைத்துக்கொண்டு முறுக்கிக்கொண்டிருந்தார். நான் கதவைச் சாத்தவில்லை.