ஒட்டாத விரல்கள்

ஆடிப் பதினெட்டு முடிந்த மறுநாள், வெள்ளிக்கிழமை காலை, அர்த்தனாரி போர் போடும் லாரி வேலைக்குப் புறப்பட்டான். காளப்பநாயக்கன்பட்டியில் லாரி காத்திருந்தது, அங்கிருந்து சத்தீஸ்கர். மலைமேல் தங்கள் ஊரான அரியூர் நாட்டில் பஸ் ஏறும்போது, என்ன நினைத்தானோ, மனைவி கோகிலவாணியின் மணிக்கட்டைப் பிடித்தான். வளைத்த அவன் கட்டைவிரலும் நடுவிரலும் ஒட்டவில்லை.

"என்ன கையி புள்ள இது, உலக்கையாட்ட? நான் வாரதுக்குள்ள வெரல ஒட்ட வெச்சிரு."

பஸ்ஸில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். பஸ் வளைவில் மறைந்த பிறகும் அந்தச் சிரிப்பு, எங்கே வைப்பது என்று தெரியாமல், முகத்திலேயே கிடந்தது.

பிள்ளையில்லாத வீடு. பெரிய உடம்புக்காரி என்ற பேச்சு அவளுக்குப் புதிதல்ல. ஆனால் அவன் வாயிலிருந்து வந்தது அன்றுதான். வந்ததும் மறுபடி பிடித்துப் பார்ப்பான், ஒட்டாவிட்டால் அடுத்த முறை போனவன் திரும்பவே மாட்டான் என்ற பயம் அவளுக்குள் விழுந்துவிட்டது.

வாராவாரம் எடை பார்க்க மிஷினுக்கு எங்கே போவது? பழைய பாவாடை நாடாவை மணிக்கட்டில் சுற்றி, முனை தொட்ட இடத்தில் பேனாவால் கோடு போட்டாள். செவ்வாய்தோறும் சுற்றிப் பார்த்தாள். இரவுச் சோற்றை நிறுத்தினாள். கோடு அசையவில்லை. ஐப்பசியில் காலைக் களியையும் பாதியாக்கினாள். அப்போதும் அசையவில்லை. ரவிக்கை தொளதொளத்தபோது, துவைத்துத் துவைத்துத் துணி நைந்துவிட்டது என்று நினைத்தாள். அவள் நம்பியது நாடாவைத்தான். அர்த்தனாரி மாதம் ஒருமுறை கூப்பிடுவான். இயந்திர இரைச்சலுக்கு நடுவே சாப்பிட்டாயா என்பான். சாப்பிட்டேன் என்பாள்.

தை மாதம் மிளகு பறிக்க ஏணியில் நின்றவளுக்குக் கண் இருட்டியது. நாலாவது படியிலிருந்து விழுந்தாள். பக்கத்துக் காட்டுப் பாப்பாயி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். நர்ஸ் மணிமேகலை எடை பார்த்தாள், முன்பு வந்தபோது எழுதிய பழைய சீட்டைப் புரட்டினாள், பதினோரு கிலோ எங்கே போயிற்று என்று கேட்டாள். கோகிலவாணி நம்பவில்லை. இடுப்பிலிருந்து நாடாவை எடுத்துக் காட்டினாள்.

மணிமேகலை சிரிக்கவில்லை. டேப் எடுத்து அளந்தாள். மணிக்கட்டு ஆறரை அங்குலம், உயரம் ஐந்தடி ஒன்று. இந்த உயரத்துப் பெண்ணுக்கு மணிக்கட்டு ஐந்தேமுக்காலைத் தாண்டினாலே பெரிய எலும்புக்கட்டு என்றாள். தன் கையை விரலால் வளைத்துக் காட்டினாள். விரல் ஒன்றன்மேல் ஒன்று ஏறியது. அது சின்னக் கட்டு, முனையோடு முனை தொட்டால் நடுத்தரம், தொடாவிட்டால் பெரிசு.

"இங்க சதையே கெடையாதுங்க்கா, எலும்புதான். நீங்க பட்டினி கெடந்து செத்தாலும் இந்தக் கோடு நகராது."

அன்று கோகிலவாணி வயிறு நிறையச் சாப்பிட்டாள். எதிரில் யாரும் இல்லை. தன் மேல் தப்பில்லை என்பது நிம்மதியாகத்தான் இருந்தது. அவன் கேட்டது ஒருநாளும் நடக்காது என்பதும் அந்தச் சோற்றோடு சேர்ந்தே இறங்கியது. மாசியோடு அவன் போனும் நின்றுபோனது. காட்டுப்பகுதி, டவர் கிடைக்காது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். நாடாவை மட்டும் எறியவில்லை.

மறு ஆடியில், மரவள்ளிக் காட்டில் களை வெட்டிக்கொண்டிருந்தபோது போனில் அவன் குரல் வந்து விழுந்தது.

"கோகிலா, லாரி ஒடிசாவுக்குப் போவுது, ஆடி நோம்பிக்கு வர முடியாது. நம்மூரு மாதேஸ்வரன் வாரான், அவன்கிட்ட உனக்கு வளையல் குடுத்து வுட்டிருக்கேன். கடைக்காரன் அளவு கேட்டான். உன் கையப் புடிச்ச மாதிரி வெரல வளைச்சு, ஒட்டாத அந்த எடவெளிய வுட்டுக் காட்டினேன். எளைச்சுக் கிளைச்சுப் போயிராத சாமி, கையில நிக்காது."