ஹாஃபிஸா விட்டுக்கொடுக்காத இரண்டு வாரம்

சகாயவினோத் ஹாஃபிஸாவை முதன்முதலில் பார்த்தது ஒரு நேர்காணலில். அக்காள்மடத்தில் அவன் தெருவில் பொறியியல் பட்டம் வாங்கிய முதல் ஆள் அவன்தான். சான்றிதழ்கள் நனையாமல் இருக்க இரண்டு பிளாஸ்டிக் கவருக்குள் போட்டு, பாம்பன் பாலம் தாண்டி ராமநாதபுரம் வந்திருந்தான். ஒரு செல்போன் கடைக்கு மேலே, மாடியில் எட்டுப் பேர் வேலை பார்க்கும் மென்பொருள் நிறுவனம். கீழக்கரையிலிருந்து தினமும் வந்துபோகும் ஹாஃபிஸா அங்கே குழுத்தலைவி. சான்றிதழ்களை அவர் பிரிக்கவே இல்லை.

“எங்க வேலை சுத்துச் சுத்தாப் போகும், ஒரு சுத்து ரெண்டு வாரம். நாலு சுத்து, துபாய்க் கடைக்காரங்க கேட்டதைச் செஞ்சு குடுப்போம். அஞ்சாவது சுத்துல யாருக்கும் எதுவும் செஞ்சு குடுக்க மாட்டோம். அந்த ரெண்டு வாரம் நீங்க என்ன செய்வீங்க?”

“எங்கய்யா மீன்பிடித் தடைக்காலத்துல செய்யிறதைச் செய்வேங்க்கா.”

“என்ன செய்வாரு?”

“போட்டைக் கரையில ஏத்திப் பலகை பலகையாத் தட்டிப் பாப்பாரு. போன வருசம் எங்கன தண்ணி ஏறுச்சுன்னு தேடுவாரு. அடுத்து எந்த வலை வேணும்னு அப்பத்தான் முடிவு பண்ணுவாரு.”

“திங்கக்கிழமை வந்துருங்க.”

துபாயில் நான்கு கிளைகள் உள்ள ஒரு மளிகைக் கடைக்கான செயலிதான் அவர்களுடைய பிழைப்பு. அரிசி முதல் மதியப் பிரியாணி வரை அதில் ஆர்டர் செய்யலாம். நிறுவனத்தின் முதலாளி சதக்கத்துல்லா நல்ல மனிதர். ஆனால் கையைக் கட்டிக்கொண்டு இருப்பதுபோல் தெரிகிற எதுவும் அவருக்கு ஆகாது. ஐந்தாவது சுற்றை ‘லீவு’ என்றே சொல்வார். வினோத் சேர்ந்த ஆறாவது மாதம், ஐந்தாவது சுற்று தொடங்கும் நேரத்தில், கடைக்காரர்கள் தள்ளுபடிக் கூப்பன் அவசரம் என்றார்கள்.

“இந்த ஒரு தடவை மட்டும்மா,” என்றார் சதக்கத்துல்லா.

ஹாஃபிஸா இணங்கினார். அடுத்த பத்து வாரத்துக் காலண்டரை மேசையில் விரித்து ஒவ்வொரு நாளாகப் பார்ப்பது அந்தச் சுற்றில்தான். அந்த முறை காலண்டரை யாரும் விரிக்கவில்லை.

நோன்பு நெருங்கியது. அந்த மாதம் முழுக்க மதிய விளம்பரம் நிற்க வேண்டும். டெலிவரி, நோன்பு திறக்கும் நேரத்துக்கு மாற வேண்டும். தொடங்கும் தேதியை ஹாஃபிஸாவே நிரலுக்குள் எழுதினார். சரிபார்த்து டிக் போட்டவன் வினோத். எட்டுப் பேரில் ஐந்து பேர் நோன்பு பிடிக்கிறவர்கள். அந்த ஐந்து பேர் மனதிலும் இருந்தது நம்மூரில் பிறை பார்க்கும் நாள். வளைகுடாவில் முந்தின நாளே நோன்பு தொடங்கிவிட்டது. அன்று மதியம் பன்னிரண்டு மணிக்கு, ‘சுடச்சுடப் பிரியாணி, அரை மணி நேரத்தில் உங்கள் வாசலில்’ என்று துபாயில் ஆயிரக்கணக்கான கைபேசிகள் கூப்பிட்டன.

முதல் அழைப்பு ஹாஃபிஸாவின் வாப்பாவிடமிருந்து வந்தது. இருபது வருடமாக துபாயில் இருப்பவர். மகள் செய்த செயலி என்று அறையில் இருந்த அத்தனை பேர் போனிலும் ஏற்றிக்கொடுத்தவர்.

“ஏம்மா, நோன்பாளிக்குப் பிரியாணி வேணுமான்னு கேக்குறது ஒங்க கம்பெனிதானா?”

ஸ்பீக்கரில் எல்லோருக்கும் கேட்டது.

பெருநாள் முடிந்து அடுத்த ஐந்தாவது சுற்று வந்தபோது சதக்கத்துல்லா மறுபடியும் வந்து நின்றார். “வாங்குற சாமானுக்குப் புள்ளி குடுக்கணுமாம், புள்ளி சேந்தா விலையில கழிக்கணுமாம். கடைக்காரங்க பிரியாணி மெசேஜ்ல கோவமா இருக்காங்க. ரெண்டு வாரத்துல செஞ்சு குடுத்துருவோம்.”

“முடியாது காக்கா,” என்றார் ஹாஃபிஸா. கீழக்கரையில் அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

“என்னது?”

“தேதியை நம்பி நிக்கிற எடம் இன்னும் எத்தனை கெடக்குன்னு எனக்கே தெரியாது. அதுக்கு மேல புள்ளியைக் கட்டுனா அதுவும் சேந்துதான் விழும்.”

அவர் வினோத் பக்கம் திரும்பினார். “ஏலே, ஒங்கய்யா ரெண்டு மாசம் போட்டை நிப்பாட்டுறாருன்னா அது கவர்மெண்டு ஆர்டரு. இங்கன எவன்டா ஆர்டர் போட்டான்?”

“நான் போட்டேன்,” என்றார் ஹாஃபிஸா. “போன தடவை நானே அதை மீறுனேன். வாப்பாகிட்ட வாங்கிக் கட்டிக்கிட்டது போதும்.”

அங்கேயே நின்று துபாய்க் கடையின் மேலாளர் ஸுஹைருக்கு போன் போட்டார். அவரும் கீழக்கரைக்காரர்தான்.

“ஸுஹைர் காக்கா, புள்ளி இப்பவே வேணுமா, அடுத்த நோன்புக்குப் பிரியாணி மெசேஜ் வராம இருக்கணுமா?”

“ரெண்டும் வேணும்.”

“ரெண்டும் இல்லாமப் போயிரும்.”

அந்தப் பக்கம் சிரிப்பு. “எங்க மொதலாளி அந்த மெசேஜை இன்னும் அழிக்கல. என்னையப் பாக்குறப்பல்லாம் எடுத்துக் காட்டுறாரு. சரி, ரெண்டு வாரத்தை எடுத்துக்கம்மா. ஆனா கடைசியில எதையாவது கண்ணுல காட்டணும்.”

“காட்டலைன்னா?” என்றார் சதக்கத்துல்லா.

“அஞ்சாவது சுத்தை நானே அழிச்சுர்றேன். இனிமே கேக்க மாட்டேன்.”

முதல் நான்கு நாள் எட்டுப் பேரும் நிரலை வரி வரியாகத் தட்டிப் பார்த்தார்கள். தேதி புதைந்து கிடந்த இடங்கள் பதினொன்று. அத்தனையையும் பிடுங்கிவிட்டு, அந்த ஊர்ப் பிறை அறிவிப்பு வந்தவுடன் கடைக்காரரே நோன்பு நேரத்துக்கு மாற்றிக்கொள்ள ஒரே ஒரு பொத்தான் வைக்கலாம் என்றான் வினோத். யாரும் கேட்காத ஒன்று. அடுத்த வியாழக்கிழமை அதை அழுத்திப் பார்த்தபோது, சோதனையில் நான்கு கிளைகளும் மூடிக்கிடப்பதாகக் காட்டியது. வினோத்துக்கு முகம் செத்துவிட்டது.

“புள்ளி வேலையில இப்படி ஆகியிருந்தா இந்நேரம் துபாய்லயிருந்து திட்டு வந்திருக்கும்,” என்றார் ஹாஃபிஸா. “இப்ப யாரு திட்டுறா? திரும்பப் போடுங்க.”

மூன்றாவது முறை சரியாக வந்தது. கடைசி வெள்ளிக்கிழமை, துபாயில் உட்கார்ந்துகொண்டு ஸுஹைர் அதை அழுத்தினார். நேரம் மாறியது. மறுபடி அழுத்தினார், பழையபடி ஆனது. சதக்கத்துல்லா திரையைப் பார்த்தார், ஹாஃபிஸாவைப் பார்த்தார். “புள்ளியை அடுத்த சுத்துல ஆரம்பிப்போம்,” என்று சொல்லிவிட்டுக் கீழே இறங்கிப் போனார்.

அடுத்த ரமலானுக்கு வளைகுடாவில் பிறை அறிவித்த மாலையில் ஸுஹைரிடமிருந்து ஒரே ஒரு செய்தி வந்தது: ‘அமுக்கிட்டேன்.’ நம்மூரில் அன்று பிறை தெரியவில்லை. மறுநாள் மதியம் ஹாஃபிஸா வழக்கம்போல டிபன் பாக்ஸைத் திறந்தார்.

“என்னக்கா சாப்பாடு?” என்று எட்டிப் பார்த்தான் வினோத்.

“பிரியாணி. துபாய்க்காரங்ககிட்ட சொல்லிறாதீங்க.”

இப்போது அந்த மாடியில் பதினான்கு பேர் வேலை பார்க்கிறார்கள். குழுத்தலைவி ஹாஃபிஸாதான். வருடத்தின் எல்லா ஐந்தாவது சுற்றுகளும் சுவர்க் காலண்டரில் பச்சை மையால் கட்டம் போடப்பட்டு, அடியில் சதக்கத்துல்லாவின் கையெழுத்தோடு இருக்கின்றன.