மாடித் தரையை நான் இறுக்கிய வார இறுதி

பிப்ரவரிக் கடைசியில், பிஸ்கட்டவே என்ற ஊரில் எங்கள் வீட்டு வாசலில் கார் நிற்கும் டிரைவ்வேயில் பனி தள்ளப் போன என் கணவர், கண்ணுக்குத் தெரியாமல் உறைந்திருந்த ஐஸில் வழுக்கி விழுந்து இடது கணுக்காலை முறித்துக்கொண்டார். காலை ஊன்றவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஹால் சோபாவே அவருக்குப் படுக்கையானது.

அவர் வீட்டிலிருந்து வேலை பார்க்கும் மாடி அறைக்கு மரத்தரை போட அதற்கு முன்பே ஏற்பாடு செய்திருந்தோம். மரப்பலகைப் பெட்டிகளும் வந்து மாடியில் அடுக்கப்பட்டிருந்தன. திங்கட்கிழமை ஆட்கள் வருவார்கள். அதற்குள் பழைய கார்ப்பெட்டை எடுத்து, அடியில் இருக்கும் ப்ளைவுட்டை நன்றாக இறுக்கி வைப்பதாக இவர் ஒப்புக்கொண்டிருந்தார். அந்த அறையில் கால் வைத்த இடமெல்லாம் கிறீச்சிடும். மேலே மரம் போட்டுவிட்டால் பிறகு ஒன்றும் செய்ய முடியாது.

"தள்ளிப் போட்டுடலாம்மா" என்றார்.

"வேண்டாம். நான் பண்றேன்."

எங்கள் வீட்டில் ட்ரில் பிடிப்பது அவர். டார்ச் பிடிப்பது நான். அவர் என்னையும் தன் கால்கட்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "சரி, போனை ஸ்பீக்கர்ல போட்டுக்கோ, நான் கீழேருந்து சொல்றேன்" என்றார்.

சனிக்கிழமை காலை கார்ப்பெட்டைக் கிழித்து எடுத்தேன். ப்ளைவுட்டை அடியிலுள்ள மர உத்தரங்களோடு பிடித்திருந்த ஆணிகள் தளர்ந்துபோயிருந்தன. மிதித்தால் பலகை இறங்கியது, காலை எடுத்தால் ஏறியது. அந்த உரசல்தான் சத்தம். ஒவ்வொரு உத்தரத்தின் மேலும் வரிசையாக ஸ்க்ரூ போட வேண்டும்.

முதல் ஸ்க்ரூவைத் திருகியதுமே கீழேயிருந்து போனில் அவர் குரல் வந்தது.

"அது உத்தரத்தைப் பிடிக்கல. காத்துல சுத்துது. வெளிய எடு."

அவர் சொன்னது சரிதான். அதனாலேயே கோபம் வந்தது. அடுத்ததற்கும் அதற்கடுத்ததற்கும் குரல் வந்துகொண்டே இருந்தது. "எங்க நிக்கற? ஜன்னல் பக்கமா? சாய்ச்சுப் பிடிச்சிருக்கியா? சத்தம் வேற மாதிரி கேக்குதே..." நான் போனை அணைத்தேன். உடனே மாடிப்படி வழியாகக் கூப்பிட ஆரம்பித்தார். சமையலறையில் இருந்த மகள், "அப்பா, ஜஸ்ட் லெட் ஹர் டூ இட்" என்றாள். அதன்பின் கீழே சத்தமில்லை.

பழைய ஆணித் தலைகள் எந்த வரிசையில் ஓடுகின்றன என்று பார்த்தேன்; உத்தரம் அதன் அடியில்தான். அவற்றின் மேல் நூலை இழுத்துப் பிடித்துப் பென்சிலால் கோடு போட்டேன். உத்தரத்தில் இறங்கும் ஸ்க்ரூவைக் கையே சொல்லிவிடுகிறது. ட்ரில் திணறி, முனகி, கடைசியில் பலகையை ஒரு இழு இழுக்கும். இதுவரை யாரும் எனக்கு அந்த சந்தோஷத்தைச் சொன்னதில்லை. முழங்காலுக்கு அடியில் தலையணை வைத்துக்கொண்டு கோடு கோடாக நகர்ந்தேன்.

ஞாயிறு மதியத்துக்குள், கதவருகே ஒரு இடம் தவிர அறை முழுக்க அடங்கிவிட்டது. அங்கே மட்டும் எத்தனை ஸ்க்ரூ போட்டாலும் கிறீச்சென்றது. பலகை வளைந்து மேலே தூக்கியிருந்தது. நான் மண்டியிட்டு அழுத்தியும் அது இறங்கவில்லை. எடைக்கு மரப்பலகைப் பெட்டி ஒன்றை இழுத்து வைக்கலாமென்றால் தனியாக அசைக்க முடியவில்லை. மகள் வெளியே போயிருந்தாள். படியருகே வந்து விஷயத்தைச் சொன்னேன்.

"ஸ்க்ரூ பலகையைத் தூக்கின மாதிரியே பிடிச்சுக்கிச்சு. போட்டதைக் கழட்டு. மேல வெயிட் வெச்சுத் திருகணும்" என்றார்.

கழற்றிக்கொண்டிருக்கும்போது தொப், தொப் என்று சத்தம். எட்டிப் பார்த்தால், படியில் பின்பக்கமாக உட்கார்ந்து, கைகளையும் நல்ல காலையும் ஊன்றி, கட்டுப்போட்ட காலை முன்னால் நீட்டியபடி, ஒவ்வொரு படியாக மேலே வந்துகொண்டிருந்தார்.

"ஐயோ, என்ன பண்றீங்க!"

"காலை ஊன்றக் கூடாதுன்னுதானே சொன்னாங்க?"

வியர்த்து வழிய வந்து கதவருகே சரியாக அந்த இடத்தில் உட்கார்ந்தார். நான் அவருக்கு இருபுறமும் ஸ்க்ரூக்களைத் திருகினேன். பலகை இறங்கி அமர்ந்தது. அவர் இடமும் வலமும் ஆடிப் பார்த்தார். சத்தமே இல்லை.

ஸ்க்ரூத் தலைகளின் வரிசையை விரலால் தடவிக்கொண்டே போனவர், "நேரா போட்டிருக்க" என்றார். பிறகு, "அந்த மூலைல ஒண்ணு லேசா தூக்கிட்டிருக்கு" என்று ட்ரில்லுக்குக் கையை நீட்டினார்.

"எதுன்னு காட்டுங்க. நான் போடறேன்."

காட்டினார். போட்டேன்.

திரும்பி இறங்கத் தெம்பில்லை என்றார். ரசம் சாதத்தை மாடிக்கே கொண்டுவந்தேன். வெறும் ப்ளைவுட்டில் உட்கார்ந்து சாப்பிட்டோம். பல நாளுக்குப் பிறகு அன்று அவர் எதிர் அறையில், எங்கள் கட்டிலிலேயே தூங்கினார்.

திங்கட்கிழமை ஆட்கள் வந்தார்கள். அவர்களில் மூத்தவர் குதிகாலை அழுத்தி அறை முழுக்க நடந்து பார்த்தார். எங்கும் கிறீச்சிடவில்லை. முதல் பெட்டியைப் பிரித்தார்.