இரண்டு கம்பெனி முடிவுகளும் என் கேள்வியும்

எச்சில் சோதனைக் குழாய்கள் நான்கையும் வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வந்த தம்பிதான் கொண்டுவந்தான். சின்னம்மாவின் மகன். இரண்டு கம்பெனிகள், ஒவ்வொன்றுக்கும் அவன் ஒரு குழாய், நான் ஒரு குழாய். துப்புவதற்கு முன் அரைமணி நேரம் எதுவும் சாப்பிடக் கூடாது என்று எழுதியிருந்தது. நான் நாற்பது நிமிடம் காத்திருந்து, நேரத்தை டைரியில் குறித்துக்கொண்டேன்.

அவன் திரும்பிப் போன பிறகு முடிவுகள் வந்தன. டைரிப் பக்கத்தின் நடுவே கோடு போட்டு, இருபுறமும் எழுதினேன். எங்கள் முன்னோர் முழுக்கத் தென்னிந்தியர் என்றது ஒரு கம்பெனி. மற்றது கொஞ்சம் மத்திய ஆசியாவையும் சேர்த்தது. சிரித்துவிட்டு உறவினர் பட்டியலுக்குப் போனேன். தம்பியை முதல் கம்பெனி ஒன்றுவிட்ட சகோதரன் என்றது. இரண்டாவது, ஒரே தகப்பனுக்கு வேறு தாயிடம் பிறந்த சகோதரனாக இருக்கலாம் என்றது.

அப்பாவும் சித்தப்பாவும் இறந்து பல வருடங்கள் ஆகின்றன. நான்கு நாள் அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அம்மாவும் இரண்டு வீடு தள்ளியிருக்கும் சின்னம்மாவும் மதியத்தில் எங்கள் கூடத்தில் எதிரெதிரே உட்கார்ந்து, தறியில் நெய்து முடிந்த பாவின் நீளவாட்டு இழைகளோடு புதுப் பாவின் இழைகளை ஒவ்வொன்றாகப் பிணைப்பார்கள். நான்கு மணிக்குச் சின்னம்மா எங்கள் சமையலறையில் காபி போடுவாள். ஐந்தாம் நாள், அவள் எழுந்துபோனதும் அம்மாவிடம் கேட்டேன்.

“அப்பாவுக்கும் சின்னம்மாவுக்கும் நடுவுல எதனா இருந்துச்சாம்மா?”

அம்மாவின் விரல் இழையிலேயே நின்றது. சமையலறை வாசலில், டம்ளர்களோடு சின்னம்மா.

“எச்சில துப்பி அனுப்புனியே, அது வந்து சொல்லிச்சா உனக்கு?” என்றாள் சின்னம்மா.

அம்மா என்னைப் பார்க்காமல் பேசினாள். “அண்ணன் தம்பி ரெண்டு பேரு அக்கா தங்கச்சிய கட்டிகினா, பசங்களுக்கு ரத்தம் ரெட்டிப்பாதான் ஒத்துப்போவும். இத்த சொல்ல மிஷின் வேணுமா? எங்க நாலு பேரு போட்டோவ வெள்ளிக்கிழமையானா நீதானே தொடைக்கிற.”

ஒரே பந்தலில் இரண்டு ஜோடி. அந்தப் படம் என் மேசைக்கு மேலேயே மாட்டியிருக்கிறது. அன்று சாயங்காலம் இரண்டாவது கம்பெனியின் விளக்கப் பக்கத்தைத் திறந்தேன். கடைசிப் பத்தியில் அம்மா சொன்னதே இருந்தது. அதுவரை நான் படித்திருக்கவில்லை. எதையும் கடைசி வரிவரை படிப்பவன் என்று என்னைப் பற்றி நினைத்திருந்தேன்.

சின்னம்மா வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். “வுடுப்பா. உன் தம்பிகிட்ட மட்டும் இத கேட்டுகினு இருக்காத” என்றாள்.

இப்போதும் மதியம் வருகிறாள். அம்மாவின் எதிரே உட்கார்ந்து இழை பிணைக்கிறாள். நான்கு மணியானால் எழுந்து, தன் வீட்டுக்குப் போய்க் காபி குடித்துவிட்டுத் திரும்புகிறாள். போன வாரம் ஒருநாள் முன்கூட்டியே நானே காபி போட்டு அவள் முன் வைத்தேன்.

“இப்பதான் குடிச்சேன்பா” என்றாள்.

மணி மூன்றேமுக்கால்தான் ஆகியிருந்தது.