பின்பக்கத்துக்கும் எலிவேஷன் உண்டு

தேங்காய்ப்பட்டணத்தில் எழும்பப்போகும் ஒரு வீட்டின் பின்பக்க அடுக்களைக்கு ஜன்னல் இல்லை. இன்று கோட்டாற்றில், வரைபடம் போடுபவரின் கணினியில் அதைப் பார்த்து உறுதிசெய்தவர் அந்த வீட்டுக்காரி. நான் பக்கத்து நாற்காலியில் இருந்தேன்.

“துபாய்ல இருந்து அண்ணன் எலிவேஷன் பாத்து ஓகே சொல்லியாச்சே அக்கா” என்றார் வரைபடக்காரர், வீட்டுக்காரியின் கணவரைக் குறித்து.

“அவிய பாத்தது முன்பக்கம் மக்கா. நான் நிண்ணு வேவப்போறது பின்பக்கம்.”

மென்பொருளில் நான்கு பக்கத்துக்கும் எலிவேஷன், அதாவது வெளித்தோற்றப் படம், உண்டு. நம்மூரில் முன்பக்கத்துக்கு மட்டுமே அந்தப் பெயர்.

திரையில், அடுக்களையின் மொட்டைச் சுவரில் இரண்டு ஜன்னல்கள் வந்தன.

“இதை மட்டும் அவியளுக்கு அனுப்பு. முன்பக்கமும் சேந்து போனா அதைத்தான் பாப்பாவ.”

நாளை காலை வரைபடம் கொத்தனார் கைக்குப் போகிறது. கணவரின் பதில், டியூட்டி முடிந்து இன்று மாலை எதிர்பார்க்கப்படுகிறது.

உங்கள் வீட்டுப் பின்பக்கத்தை யார் பார்த்து ஓகே செய்தார்கள்?